வேலில் நான் கட்டிய பொய்

என் வலக்கை 1979ஆம் ஆண்டின் இறுதியில் நடுங்கத் தொடங்கியது. கரும்பலகையில் ஒரு வரி எழுத முடியவில்லை. நான் போடிநாயக்கனூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியை, கணவரை இழந்தவள். எழுத முடியாத ஆசிரியையைப் பள்ளி எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்? நரம்பில் குறையில்லை என்றார்கள் மதுரை மருத்துவர்கள். கோடை விடுமுறைக்குள் குணமாகாவிட்டால் நானே விலகிவிடுவது நல்லது என்றார் தலைமையாசிரியர். கை போனால் சோறு போகும். அதைவிட, எழுத்துப் போகும். அந்த நிலையில் என் காவல் தெய்வம் கருப்பன் எனக்குச் செய்ததைச் சொல்கிறேன். நம்புகிறவர்கள் கேளுங்கள், நம்பாதவர்களும் கேட்டுவிட்டே போங்கள்.

குரங்கணிக்கு மேலே எங்களுக்குச் சிறிய ஏலத்தோட்டம் இருந்தது. பச்சைக் காயை உலர்த்தும் அறையை மலையில் ஸ்டோர் என்பார்கள். அடுப்பின் சூடு இரும்புக் குழாய் வழியே அறைக்குள் ஓடும். கதவு எப்போதும் சாத்தியிருக்கும். காயைக் கிளறிவிட ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். இது அங்கே மீறக்கூடாத வழக்கம். 1974 ஐப்பசியில் ஒருநாள் என் கணவர் தனியாக உள்ளே போனார். குழாய் விரிசலில் கசிந்த புகை அவரைத் திரும்பி வர விடவில்லை. வெளியே நிற்க வேண்டியவர் அவருடைய தம்பி, என் கொழுந்தனார். அவர் அன்று மலையில் இல்லை.

அவரே கொன்றார் என்றேன். நியாயம் கேட்க எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குற்றத்தைத் தன் கைப்பட எழுதி, மலையடிவாரத்துக் கருப்பசாமி முன் ஊரார் கேட்க வாசித்து, சாமியின் வேலில் கட்ட வேண்டும். அதைப் பிராது கட்டுவது என்பார்கள். கட்டியவர் மனம் மாறும்வரை அது அங்கேயே கிடக்கும். ‘பொறுப்பை மறந்து தானாக இறங்கிப் போனார்’ என்று எழுதிக் கட்டினேன். அதில் பிழை ஒன்றுகூட இல்லை. உண்மைதான் இல்லை. கொழுந்தனார் தலை குனிந்து கேட்டார். பிறகு சிலமலையில் இருந்த மனைவியின் வீட்டுக்கே குடிபோனார். எங்களவர் யாரும் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

கை நடுங்கியபின் வெள்ளிதோறும் கருப்பன்முன் நின்றேன். ‘என் கையைக் கொடு’ என்பதொன்றே வேண்டுதல். பல வெள்ளிகள் கழிந்தன. ஒருநாள் பூசாரி எரிச்சலோடு கேட்டார்.

“ஏம்மா டீச்சரு, ஒம் பிராதே இன்னும் வேலுல தொங்குது. பழைய சோலிய முடிக்காம, புதுசா அதக் கொண்டா, இதக் கொண்டாங்குறியே?”

அதைக் கருப்பனின் வாக்காகவே கொண்டேன்.

அவிழ்ப்பதற்கும் காரணத்தை எழுதி வாசிக்க வேண்டும். அன்றே எழுத உட்கார்ந்தேன். ‘மனம் ஆறியதால் மன்னிக்கிறேன்’ என்று தொடங்கினேன். எழுத்துக் கோணியது. ‘எல்லாம் விதி’ என்றேன். எழுதுகோல் நழுவி விழுந்தது. அழுதேன். பிறகு சினம் வந்தது, என்மேலேயே. “கருப்பா, உள்ளதை எழுதுகிறேன். பிடித்துக்கொள்” என்று சொல்லி எழுதினேன்:

‘கொழுந்தனாரை மலையிலிருந்து இறங்கி வரச் சொன்னவள் நான். வீட்டுக்குப் புதுப் பீரோ வந்திருந்தது. தூக்கி வைக்க ஆள் வேண்டுமென்று ஜீப்பில் சொல்லியனுப்பினேன். அண்ணனைத் தனியே விட்டு வந்தேனே என்று அவர் அன்றே வருந்தினார். இத்தனை ஆண்டும் இதை மறைத்தேன்.’

கை நடுங்கவில்லை. ஓர் எழுத்தும் கோணவில்லை.

அதைப் படித்த என் அண்ணன் கொதித்தார். “இத ஊரு முன்னாடி வாசிக்கப் போறியா? கிறுக்குப் புடிச்சிருச்சா? ஒங் கொழுந்தனே வாயத் தொறக்கல. சும்மா அவுத்துப் போட்டுட்டு வெரசா வந்து சேரு.”

“கட்டும்போது ஊரு முன்னாடிதாண்ணே வாசிச்சேன். அப்ப மட்டும் கிறுக்கியாத் தெரியலையோ?”

“நம்ம குடும்பத்துக்குத்தான் தலகுனிவு.”

“அஞ்சு வருசமா அவரு குனிஞ்சாரு. இனி நாம கொஞ்சம் குனிவோம்.”

பங்குனி வெள்ளியன்று வாசித்தேன். சிலர் காறித் துப்பினார்கள். நான் நிறுத்தவில்லை, கடைசி வரிவரை உரக்கவே படித்தேன். பூசாரி அவிழ்த்துத் தந்த பழைய சீட்டைக் கற்பூரத்தில் எரித்தேன். தகவல் கேட்டு வந்திருந்த கொழுந்தனார் தள்ளி நின்றிருந்தார்.

“நீங்க ஏன் ஒரு வார்த்த சொல்லல?” என்றேன்.

“சொல்லிருந்தா, அண்ணன் பின்னாலயே நீங்களும் போயிருவீகன்னு பயந்தேன் மதினி.” அருகில் வந்து கேட்டார்: “அந்தப் பீரோக் கதவு இன்னும் ஒட்டுதா? நெலையில இடிச்சது நாந்தான். அந்தக் குத்தத்த மட்டும் எழுதாம விட்டுட்டீகளே!”

இருவரும் சிரித்தோம். சிரித்தபடியே அழுதோம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள் கரும்பலகை நிறைய எழுதினேன். தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் விலகவில்லை. நடுக்கம் தானாகத் தீர்ந்தது என்பார்கள் சிலர், சொல்லட்டும். வெட்கங்கெட்டவள் என்பார்கள், அதையும் சொல்லட்டும். ஐந்தாண்டுகளை அந்த வெட்கத்துக்குக் கொடுத்தேன். இனி ஒரு நாளும் கொடுக்க மாட்டேன். இதை எழுதுவதும் அதே வலக்கைதான்.

நீங்கள் கட்டிய பிராது எங்கே தொங்குகிறது? எடுத்து வாசித்துப் பாருங்கள். பொய்யென்றால் உள்ளதை எழுதுங்கள். உள்ளே புகை இருக்கும், கண் எரியும். அஞ்சாமல் போங்கள். வெளியே கருப்பன் நிற்கிறான்.