அண்ணனின் கழுத்தும் நர்ஸின் பிரேக்கும்

என் அண்ணன் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருஷமாக, ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டிலேயே காலம் தள்ளியவர். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கால் எப்போதும் அதன்மேல்தான். அதனால் பிரேக் மாஸ்டர் என்றே பெயர். டிவியில் கார் வேகமாக வந்தால்கூட சோபாவில் இருந்தபடி தரையை மிதிப்பார். அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நடுரோட்டில் வண்டி நின்றுபோய் விழித்தால் மற்ற மாஸ்டர்கள் கத்துவார்கள். அண்ணன், "தப்பு என்னோடது, நான் சரியா சொல்லல. மெதுவா ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். பயம் வந்துவிட்டால் கை ஸ்டியரிங்கில் நிற்காது என்பது அவர் அனுபவம். அந்த நல்ல வாய்தான் அவரைக் கவிழ்த்தது.

அன்று காலை ஒரு நர்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் சேர முடியும். சிவப்பு விளக்கில் அழகாக நிறுத்தினாள். பின்னால் வந்த கார் அப்படியே வந்து மோதியது. அதிலிருந்து இறங்கினான் ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரன். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்கவில்லை. போனில் வீடியோ எடுத்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்தான். சீ, என்ன மனுஷன்! அதற்குள் விளக்கு பச்சைக்கு மாறியிருந்தது. உள்ளே நர்ஸ் வெடவெடவென்று நடுங்க, அண்ணன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னோடது, நீங்க பயப்படாதீங்க" என்று அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் வீடியோவில் பதிவாகிவிட்டது.

அண்ணனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. திரும்பிப் பார்க்க முடியாத மாஸ்டர் எதற்கு என்று ஸ்கூலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன்தான் வழி என்றார் டாக்டர். மோதியவனின் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தால்தான் ஆபரேஷன்.

நானும் அண்ணனும் அந்த ஆபீசுக்குப் போனோம். அதிகாரி பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டபடியே எக்ஸ்ரேயை எடுத்தார். அண்ணனின் கழுத்தெலும்புமேல் பிஸ்கட் துகள் ஒட்டியது. துடைக்கவும் இல்லை.

"உங்க வாயாலயே தப்பு என்னோடதுன்னு சொல்லிருக்கீங்களே சார்."

"அந்தப் பொண்ணு பயந்துடக் கூடாதுன்னு சொன்னது சார் அது."

"எனக்குப் புரியுது. வீடியோவுக்குப் புரியாதே." குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. பச்சை இருக்கும்போதே அந்தப் பொண்ணு திடீர்னு பிரேக் அடிச்சிட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. உங்க மேல தப்பே இல்லன்னு ஆயிடும். நாங்க பாதி, உங்க ஸ்கூலோட இன்சூரன்ஸ் பாதி. முழுசா வந்துடும்."

"அவங்க சிவப்புலதான் நிறுத்தினாங்க" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "கழுத்து வேணாமா உனக்கு? அந்தப் பொண்ணு சின்ன வயசு, இன்னொரு வேலை தேடிக்கும். உன்னை யாரு வேலைக்கு வச்சுப்பாங்க? ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு அண்ணி எங்க போவாங்க?"

அண்ணன் வெகுநேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு எழுதினார். அதிகாரி விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்துத்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் வார்டுக்கு நர்ஸ் வந்தாள், ஒரு பை ஆப்பிளோடு. விபத்து அவள் பேரில் பதிவானதால் ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாதாம். வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். அதையெல்லாம் யாருக்கோ நடந்த மாதிரி சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அருகே குனிந்தாள்.

"சிவப்புன்னு நெனச்சுதான் மாஸ்டர் நிறுத்தினேன். இப்ப எல்லாரும் பச்சைங்கிறாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அண்ணன் உதடு பிரிந்தது. அவர் பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பச்சைதாம்மா. பதட்டத்துல நீ கவனிக்கல."

சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மாஸ்டர், என்னாலதான் உங்களுக்கு இவ்வளவு கஷ்டம்" என்று அழுதாள்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கிவிட்டார் என்று சொல்லி, நான் அவளை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.