எதிர்க்கடைக்குப் போன லட்சுமி

இன்னைக்குக் காலையில லட்சுமி என் கடையை விட்டுட்டு எதிர்க்கடைக்குப் போயிட்டா.

சாமி இல்ல, மாடு.

தாராவியில என் மளிகைக் கடை வாசல்லதான் ஒரு மராட்டிக்கார அம்மா அவளைக் கட்டிப்போட்டிருப்பாங்க; மௌஷி, அதாவது சித்தின்னுதான் கூப்பிடுவோம். புண்ணியத்துக்குப் புல் வாங்கிப் போட வர்றவங்க, அப்படியே எங்கிட்டயும் ரெண்டு சாமான் வாங்குவாங்க.

எதிர்க்கடை செல்வராஜ் போன மாசம் மரச்செக்கு போட்டான். கெமிக்கல் கிடையாதாம், சூடு கிடையாதாம், மோட்டார்கூட சோலார்லதான் ஓடுதாம். செக்கு சுத்துறதை ஜனங்க நின்னு வீடியோ எடுக்குது. என் பாக்கெட் எண்ணெயை எவன் வீடியோ எடுப்பான்?

"இங்க என்ன குறை மௌஷி?"ன்னு இந்தியில கேட்டேன்.

"குறையே இல்ல சேட். அங்க எள்ளுப் புண்ணாக்கு போடுறாங்க. லட்சுமி நகரவே மாட்டேங்குறா."

செல்வராஜ் அங்கிருந்தே சிரிச்சான். "அண்ணாச்சி, நம்ம செக்குல எதுவும் வீணாப் போகாது."

வயித்தெரிச்சலோட வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.

பொறுமையா கேட்டுட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தா. "நம்ம கடையில புண்ணாக்கே இல்லைன்னா சொல்லுதீங்க?"

இதுக்குச் சிரிக்கிற ஸ்மைலி போடுறவங்க, எண்ணெய் எந்தக் கடையில வாங்குறீங்கன்னும் சொல்லிட்டுப் போங்க.