பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

இன்று காலை லேப்டாப்பைத் திறந்ததும், புதிய சிஸ்டம் வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டது. நான் யோசிப்பதற்குள் மகள் எட்டி ஒரு தட்டு தட்டிவிட்டு, "இதுக்குப் போயி யாராவது பயப்படுவாங்களாம்மா? தூர்!" என்று காலேஜுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் தமிழ் எப்போதும் வங்காளத்தில்தான் போய் முடியும். ஜன்னல் வழியாக ஆட்டோ ஸ்டாண்டின் சாம்பிராணிப் புகை வந்தது. விஸ்வகர்மா பூஜை, இந்த ஊர் ஆயுத பூஜை. எங்கள் பெஹாலாவில் இன்று ஆட்டோ ஓடாது, நடந்துதான் போயிருப்பாள். ஊருக்கே மணக்கிற அந்தப் புகை வந்தாலே எனக்கு சுந்தரம் சார் ஞாபகம் வந்துவிடும்.

அலிப்பூர் ஆபீஸில் நான் சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டர்களில் இருந்த பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார்கள். பழகிய பொத்தான் ஒன்றுகூட பழகிய இடத்தில் இல்லை. காலை முழுக்க அடித்தது காணாமல் போய்விட்டதென்று பாத்ரூமில் நின்று அழுதுவிட்டு வந்தேன். அது திரையின் அடியில் ஓரமாகச் சுருங்கி உட்கார்ந்திருந்தது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் நடந்திருக்கும்.

எனக்கு இது வெறும் அவமானம். பக்கத்து சீட் சுந்தரம் சாருக்கு அப்படியில்லை. புது சிஸ்டத்தில் பரீட்சை வைப்பார்கள், தேறாதவர்களுக்கு ரயிலேறிப் போகவேண்டிய அஸன்ஸோலுக்கு மாற்றல் என்று உத்தரவு. திருநெல்வேலிக்காரரான அவருக்கு ரிட்டயராக இரண்டு வருஷம்தான் பாக்கி. வீட்டில் மாமி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. மதியம் பஸ் பிடித்து பெஹாலா போய், ஊட்டிவிட்டுத் திரும்புவார். அஸன்ஸோலிலிருந்து எப்படி ஊட்டுவது?

"பழசுல கண்ண மூடிக்கிட்டு வேல பாப்பேன். இதுல கண்ணத் தொறந்தாலும் ஒண்ணும் தெரியமாட்டேங்கும்மா" என்பார். ஆனாலும் விடவில்லை. பரீட்சை நெருங்கியபோது அவர் கை என் கையைவிட வேகமாக ஓடியது.

பரீட்சைக்கு முந்தின நாள் ஆளுக்கொரு தற்காலிக பாஸ்வேர்டு வந்தது. அன்று மாலைக்குள் அதைப் போட்டு உள்ளே நுழைய வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு மூடிவிடும், பரீட்சையில் உட்கார முடியாது. தேதி குறித்தது டெல்லி ஹெட் ஆபீஸ். டெல்லிக்கு அன்று என்ன நாள் என்று தெரியுமா? விஸ்வகர்மா பூஜை. செக்ஷன் ஆபீஸரே முன்னால் நின்று ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, கீபோர்டில் சாமந்திப்பூ போட்டார். இனி நாளைவரை யாரும் கை வைக்கக் கூடாது என்றும் அவரே சொன்னார். எல்லோரும் கிச்சுடி சாப்பிடப் போனோம்.

எனக்கு மட்டும் உறுத்தியது. "சார், பாஸ்வேர்டு?"

"பூசைக்கு வச்சதத் தொடப்பிடாதும்மா. நம்ம ஊர் ஆயுத பூசையில தொடுவமா? நாளைக்கு மொத ஆளா வந்து போட்டுக்கிடலாம். ஒரு ராத்திரில என்ன குடி முழுகிடப்போவுது?"

மறுநாள் எங்கள் இருவர் கணக்கும் மூடியிருந்தது. மற்றவர்கள் முந்தின மாலையே சத்தமில்லாமல் நுழைந்திருந்தார்கள். ஆபீஸர் கீபோர்டில் பூவே இல்லை. அவர் டெல்லிக்குப் போன் போட்டு எனக்கு வேறு பாஸ்வேர்டு வாங்கிக் கொடுத்தார். எனக்கு இன்னும் எத்தனையோ வருஷ சர்வீஸ் இருக்கிறதாம். சுந்தரம் சார் வங்காளத்தில் கெஞ்சினார், உட்கார வைத்துப் பாருங்கள், எல்லாம் தெரியும் என்று. ரிட்டயராகப் போகிறவருக்கு இது எதற்கு என்றார் ஆபீஸர், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல். அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அஸன்ஸோல் போனார். எதிர்வீட்டு வங்காளி அண்ணி, பௌதிதான் மாமிக்கு ஊட்டினாள். அவள் கையால் மாமி சரியாகச் சாப்பிடவில்லை. துர்கா பூஜை லீவுக்கு அவர் வருவதற்குள் மாமி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த வருஷமே டெல்லி அந்த சிஸ்டத்தை வேண்டாமென்று தூக்கிப்போட்டு வேறொன்றைப் போட்டது. பரீட்சை, மாற்றல் எதுவும் இல்லை. அன்று நாங்கள் விழுந்து விழுந்து கற்றதில் ஒரு பொத்தான்கூட இன்று எங்கும் கிடையாது. அதைக் கற்றுக்கொண்டதால் ஆபீஸுக்கு எந்த லாபமும் இல்லை, எனக்கும் இல்லை. அது மாமி ஒருத்திக்குத்தான் தேவைப்பட்டிருந்தது.