டொங்கோவைத் தொட ஓர் அந்நியர்

வெண்டெல் மாமா ஆடுகளை விற்று ஆறு வருடமாகிறது. மிச்சம் டொங்கோதான். உடம்பெல்லாம் கயிறு கயிறாகச் சடை தொங்கும் கறுப்பு மேய்ப்பு நாய். அடுத்த மாதம் அவளுக்கு எட்டு வயது முடிகிறது. அதற்குள் நாய்க் கண்காட்சி நடுவரிடம் நற்சான்று வாங்கினால்தான் நாய் வளர்ப்போர் சங்கம் அவளைக் குட்டி போட அனுமதிக்கும். சான்றில்லாத பெட்டைக்கு நல்ல கடுவனை யாரும் தரமாட்டார்கள். மாமாவுக்கு அவள் வயிற்றில் ஒரு குட்டி வேண்டும். இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். முறைத்தார்.

நான் தபால்காரி. அவருடைய வயல்காட்டு வீட்டுக்கு வேறு யாரும் போவதில்லை. நடுவர் நாயின் உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார். அதற்கு அந்நியக் கை பழக வேண்டும் என்று சொல்லி, மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பல் பார்த்தேன். கூலி ஒரு மடக்கு ஆப்ரிகாட் பழச் சாராயம். முதல் வாரம் உறுமினாள். மூன்றாம் வாரம் வாலாட்டினாள். பிறகு நான் போனதும் தானே வாயைத் திறந்தாள். மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கண்காட்சிக்கு நான்கு நாள் முன்பு குளிப்பாட்டினோம். சடை உலர இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு சடையாக விரலால் பிரித்ததில் என் நகம் போனது.

கெச்கெமேட் நகரத்துக் கண்காட்சியில் நடுவர் நல்ல மனுஷி. குனிந்து, மெதுவாகத்தான் கையை நீட்டினாள். டொங்கோ அந்தக் கையைக் கவ்விவிட்டாள். ரத்தம் வரவில்லை, ஆனாலும் களத்தை விட்டு வெளியேற்றினார்கள். விதி அது. சான்றும் போனது, குட்டியும் போனது.

எனக்கு அழுகை வந்தது. நான் எப்போதோ அந்நியளாக இல்லாமல் போய்விட்டேன். அது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. ஊரிலிருந்து வாரத்துக்கு ஒரு புது ஆளைக் கூட்டிவந்திருக்கலாம். பாழாய்ப்போன என் புத்திக்கு அது தோன்றவில்லை.

பேருந்தில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாய் அவர் காலடியில் தூங்கியது.

"மன்னிச்சிடுங்க மாமா. என்னாலதான்."

"உன்னால என்ன ஓர்ஷி. அவளுக்கு இந்த உலகத்துல நாம ரெண்டு பேருதான். வேற கையை அவ எங்க பார்த்தா?" சடையை நீவினார். "எனக்கும் ரெண்டு பேருதான். இவளும் நீயும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த மாதத்தோடு எனக்குப் பட்டணத்துக்கு மாற்றல். அதை அன்றைக்கு அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.