மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஜீப்

போன மாதம் என் மகள் கல்லூரி விடுதியில் மயங்கிக் கிடந்தாள். தேர்வு நெருங்க நெருங்கத் தூக்கம் வரவில்லை என்று யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டிருக்கிறாள். அது வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடியும் போட்டிருக்கிறாள். அறைத் தோழிகள் நல்ல பெண்கள்தான். ஆனால் மாத்திரை விஷயம் என்றதும், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் போலீஸ் வருமா, தனியார் வண்டி என்றால் எவ்வளவு கேட்பார்கள் என்று பேசிப் பேசியே முக்கால் மணி நேரத்தைப் போக்கிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், என்னோடு சண்டைகூடப் போடுகிறாள். நான்தான் இன்னும், அவள் மதியம் கண்ணயர்ந்தால்கூட மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.

அந்தப் பெண்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதே இரண்டு கேள்விகளுக்கு நடுவில் ஒன்பது வயதில் நானும் நின்றிருக்கிறேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. வீட்டு வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். கரும்பு உயர்ந்துவிட்டால் தெரியாது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த அந்த வருஷம் கரும்பு நன்றாக உயர்ந்திருந்தது. மறியலுக்காகச் சாலை நெடுக இருந்த புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. வெல்லம் விற்கச் சேலம் போன அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். எனக்கும் தம்பிக்கும் அது ஒரு நீளமான தீபாவளி விடுமுறை மாதிரி இருந்தது.

ஊர் எல்லையில் கிடந்த மரத்தை வெட்டியவர்களில் மாமாவும் ஒருவர். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். டைப்ரைட்டிங் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, ஐந்து வருஷமாக நேர்காணலுக்கு அழைக்கும் ஓர் அட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் தலைமுடியை நன்றாக வளர்த்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு மாற்றுவது, என் சிலேட்டுக்குச் சட்டம் அடிப்பது, தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் ஓடுவது எல்லாம் அவர்தான். மரம் வெட்டிவிட்டு வந்த அன்று அம்மா அவரை ஒரு பிடி பிடித்தாள். அம்மாவின் கோபம் போராட்டத்தின் மேல் இல்லை. வருஷா வருஷம் நாங்கள் புளி எடுக்கிற மரத்தையே போய் வெட்டியிருக்கிறானே என்பதுதான்.

இரண்டு நாளில் போலீஸ் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. அவர் வெள்ளிமலையில் மரவள்ளி நடப் போயிருக்கிறார் என்று சொல்லும்படி அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். நானும் சொன்னேன். கூடவே, மலையில் குளிர் ஜாஸ்தி என்பதால் போர்வை எடுத்துப் போயிருக்கிறார் என்று என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன். உண்மையில் மாமா எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கரும்புக் கொல்லைக்குள் இருந்தார். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. தினமும் அம்மா புல் அறுக்கப் போகிறேன் என்று கூடையோடு கரும்புக்குள் போய், புல்லே இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தாள். கூடையில் சோற்று வாசம் அடிக்கும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். அம்மாவுக்கு வலிப்பு உண்டு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரைகள், காகிதப் பொட்டலமாக அரிசிப் பானைக்கு மேலே ஒரு டப்பாவில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டால் அம்மாவுக்கு உடம்பு உதறாது என்பது எனக்குத் தெரியும். அன்று காலையில் தம்பிக்குக் காய்ச்சல். நான்கு வயது. அம்மா கூடையோடு கொல்லைக்குப் போயிருந்தாள். போர்வைக்குள் தம்பியின் உடம்பு கிடுகிடுவென்று உதறியது. உதறலுக்கு மருந்து வீட்டில்தானே இருக்கிறது? ஏணிப்படி போல அடுக்குப் பானைகளில் ஏறி டப்பாவை எடுத்தேன். வெல்லத்தில் பொதிந்து ஒன்று கொடுத்தேன். உதறல் நிற்கவில்லை. வெல்லம் நன்றாக இருக்கிறது என்று அவன் இன்னொன்று கேட்டான். பிறகும் கேட்டான்.

அம்மா வந்தபோது அவன் உதறவில்லை. நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். அம்மா அவனைத் தூக்கினாள்; தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னை அடிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற கம்பவுண்டரைக் கூட்டி வந்தார்கள். வாந்தி எடுக்கவைக்க ஒருத்தி சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் அதைத் தட்டிவிட்டார். மூச்சில் ஏறிவிடும், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்றார். எத்தனை மாத்திரை என்று என்னைக் கேட்டார். எனக்கு எண்கள் எல்லாம் மறந்துபோயின. ஒரு மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னவர், குரலைத் தாழ்த்தி, இது போலீஸ் கேஸ், எழுதிக்கொண்டுதான் சேர்ப்பார்கள், பயப்படாதே என்றும் சொன்னார். அம்மா பயப்பட்டாளோ என்னவோ, போலீஸ் கேஸ் என்ற அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஊரில் ஒரே ஒரு வேன் இருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதுதான். வேன்காரர் முதலில் முந்நூறு ரூபாய் கேட்டார். அது வழக்கமான வாடகையைப்போல மூன்று மடங்கு. அம்மா காதுத் தோட்டைக் கழற்றிவிட்டாள். மாத்திரை என்று கேள்விப்பட்டதும் அவர் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போலீசு கேசும்மா. என் வண்டிய டேசன்ல நிறுத்திக்குவான், ஆறு மாசம் நாயா அலையணும். அதுவும் இல்லாம, உன் தம்பி வெட்டிப்போட்ட மரத்த தாண்டி நான் எப்டி போறது? பறந்தா போவ முடியும்?"

அம்மா கழற்றிய தோட்டை முந்தானையில் முடிந்தாள். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் எல்லைக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மரம் சாலையை அடைத்துக் கிடந்தது. இலை எல்லாம் வாடியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், கள்ளக்குறிச்சியைப் பார்த்து ஒரு போலீஸ் ஜீப் நின்றது. அந்தத் திசையில் வழியை அவர்கள் சீர் செய்துவிட்டிருந்தார்கள். டிரைவர் இருந்தார், டீசல் இருந்தது. எட்டு கிலோமீட்டர் தூரம்.

சப்-இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர். பந்தோபஸ்து வண்டி, உத்தரவு இல்லாமல் இடத்தைவிட்டு நகரக் கூடாது, நேற்றுத்தான் அடுத்த ஊரில் வண்டியை எடுத்துப் போனவரை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள் என்றார். வயர்லெஸில் கேட்டுப் பார்த்தார். கரகரவென்று சத்தம்தான் வந்தது. அம்மா மரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வயதான ஏட்டு மரத்தைத் தாண்டி வந்து, தம்பியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எவனாச்சும் குத்தவாளி சிக்கினா அவன ஏத்திக்கினு டவுனுக்கு போவலாம்மா. கேக்க ஆளு இல்ல. சும்மா எடுத்துக்கினு போனா எங்க வேல போயிடும். நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாத்திரை கொடுத்தது நான். போலீஸ் கேஸ் என்று கம்பவுண்டரே சொல்லிவிட்டார். நான் கிடைத்தால் ஜீப் கிளம்பும், தம்பி பிழைப்பான். இவ்வளவும் தெளிவாகப் புரிந்தது. புரிந்த உடனே நான் அங்கிருந்து ஓடிவிட்டேன். எங்கள் வீட்டில் போலீசுக்குப் பயந்தவர்கள் ஒளிகிற இடம் ஒன்றுதான். சோகை இலைகள் முகத்தில் கிழிக்கக் கிழிக்கக் கரும்புக்குள் புகுந்தேன்.

நடுக் கொல்லையில் பாய் அளவுக்கு இடம் ஒதுக்கி மாமா உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா புள்ள, நீ யாரு மரத்த வெட்டுன?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, வெல்லம், தலை தொங்கியது, வேன்காரர் சாவியைப் பைக்குள் போட்டது, ஜீப் நகராதது. ஏட்டு சொன்னதையும் அப்படியே சொன்னேன். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குத்தவாளி கெடச்சாதான் போவுமாம். நான் போமாட்டேன் மாமா."

தம்பி கண்ணைத் திறக்கிறானா என்று மட்டும் மாமா கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். சீப்பை எடுத்துத் தலையை வாரினார். அந்த அவசரத்திலும் வகிடு நேராக இருந்தது.

"நீ போவ வேணாம். இங்கியே குந்திக்கினு இரு. நான் பேசி அனுப்பறன்."

மாமா பேசினால் எதுவும் நடக்கும் என்று எனக்குத் தெரியும். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் இல்லை என்பவனிடமே பேசி டிக்கெட் வாங்கியவர். நான் வரப்பு வரைக்கும் ஊர்ந்து வந்து சோகைக்கு நடுவில் பார்த்தேன். அவர் சாலை நடுவில், கைகளை வீசிக்கொண்டு நடந்தார். அம்மா அவரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பதுபோல் ஒரு கையைத் தூக்கினாள். மறு கையில் தம்பி. தூக்கிய கை அப்படியே கீழே இறங்கியது. மாமா தம்பியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மரத்தின் மேல் ஏறி நின்று, சப்-இன்ஸ்பெக்டரிடம் ஏதோ சொன்னார். பிறகு ஏட்டுதான் ஓடி வந்து அம்மா மரத்தைத் தாண்டக் கை கொடுத்தார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மாமாவை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அவரே முதலில் ஏறினார்.

போலீசே கொண்டுவந்த பிள்ளை என்பதால் ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் எழுதிக்கொண்டு நிற்கவில்லையாம். உடனே உள்ளே எடுத்துப் போனார்கள். தம்பி அடுத்த நாள் சாயங்காலம் கண்ணைத் திறந்து வெல்லம் கேட்டான். அவர்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்ட கையோடு ஜீப் மாமாவோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது.

மரம் வெட்டிய கேஸ் ஆறு வருஷம் நடந்தது. அதற்குள் அவர் காத்திருந்த அட்டை வந்தது. நேர்காணலுக்கும் போனார். போலீஸ் விசாரணையில் கேஸ் இருப்பதாக எழுதிவிட்டார்கள்; வேலை போய்விட்டது. எங்கள் ஆட்களுக்கு வேலையில் பங்கு வேண்டும் என்று மரம் வெட்டியவருக்கு, மரம் வெட்டியதால் வேலை இல்லை. கேஸ் தள்ளுபடியானபோது வயது கடந்துவிட்டது. அவரோடு மரம் வெட்டிய மற்றவர்கள் இரண்டு மாதம் மறைந்திருந்துவிட்டு, தேடுவது ஓய்ந்ததும் வந்தார்கள். அவர்கள் மேல் கேஸே இல்லை. மாமா கடைசியில் நிஜமாகவே வெள்ளிமலைக்குப் போய் ஒரு கடுக்காய் வியாபாரியிடம் சேர்ந்தார். அங்கே குளிர் ஜாஸ்திதான் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். அவராக ஒரு நாளும் அந்தக் காலையைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மகளுக்காக உட்கார்ந்திருந்தபோதுதான் முழுவதும் சேர்ந்தது.

அப்போது எனக்கிருந்த கவலை வேறு. மூன்று வாரம் கழித்து மாமா ஜாமீனில் வந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தலை சின்னதாகத் தெரிந்தது. தம்பி அவர் மடியில் ஏறி அந்தத் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். அந்த மூன்று வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரை கொடுத்தது தான்தான் என்று மாமா போலீசிடம் பொய் சொல்லி, என் இடத்தில் போயிருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போய் மெல்லக் கேட்டேன்.

"மாமா, மாத்திர குடுத்ததுக்காவ ஒங்கள அடிச்சாங்களா?"

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெரிதாகச் சிரித்தார்.

"அந்த கேசா? கொழந்த தெரியாம சாப்ட்டதுன்னு டாக்டரு எழுதி அன்னிக்கே முடிச்சிட்டாரு. என்ன புடிச்சது மரத்துக்கு."

"அப்ப என்னால இல்லியா?"

"சேச்சே. உனுக்கும் அதுக்கும் இன்னா சம்மந்தம்?"

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலிருந்தது. மரத்தை நான் வெட்டவில்லை. வெட்டியவர் மாமா, ஜெயிலுக்குப் போனதும் மாமா. இதில் நான் சாப்பிடாமல் கிடக்க என்ன இருக்கிறது? இரண்டு தட்டு சோறு தின்றுவிட்டுப் பாண்டி ஆடத் தெருவுக்கு ஓடினேன். அன்று எல்லா ஆட்டத்திலும் நானே ஜெயித்தேன்.