நான் கொரிய மொழி பேசிய பௌர்ணமி

செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒரு வெளிநாடு குடியிருந்தது. ஆசிரமத்துக்கு வந்துவிட்டு ஊர் திரும்ப மனமில்லாதவர்களுக்கு, மாடி இருந்தவர்கள் மாடியை வாடகைக்கு விட்டார்கள், இல்லாதவர்கள் முன்னறையை விட்டார்கள். வாடகைக்காரரோடு ஒரு மொழியும் வீட்டுக்குள் நுழைந்தது. எதிர்வீட்டுப் பையன் பிரெஞ்சில் திட்டுவான். ஆட்டோ ஓட்டும் என் மாமா இத்தாலிய மொழியில் எண்ணுவார், பேரம் பேசுவார், கோபித்துக்கொள்ளவும் செய்வார். கூடப் பிறந்தவளான என் அம்மாவிடம் மட்டும் தமிழில்கூடத் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். எங்கள் மாடிக்கு வாய்த்தவர்கள் மட்டும் வரிசையாக மௌனவிரதக்காரர்கள். மொழியே இல்லாத வீட்டுப் பெண்ணாகப் பத்து வயதுவரை அந்தத் தெருவில் நடந்தேன்.

பிறகு கொரியா அக்கா வந்தாள். ஒரு பை, ஒரு சின்ன டேப் ரெக்கார்டர், ஒரு டப்பா நிறைய கேசட். தியானம் செய்யத்தான் வந்திருந்தாள். காலையில் செய்யவும் செய்தாள். மாலையானால் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து, மலை சிவந்து கறுப்பதைப் பார்த்தபடி, தன் ஊர் இளைஞர்கள் பாடும் பாட்டுகளைக் கேட்பாள். எல்லாப் பாட்டிலும் யாரோ யாரையோ விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். மொழி தெரியாத எனக்கே அது தெரிந்தது.

நான் கூடவே பாடினேன். தப்பும் தவறுமாக, உரக்க. அவள் சிரித்துவிட்டு டேப்பை நிறுத்தினாள். அன்றிலிருந்து பாட்டை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக நடித்துக் காட்டினாள். நுன்முல்: விரலால் கன்னத்தில் ஒரு கோடு. கண்ணீர். பராம்: என் முகத்தில் ஊதினாள். காற்று. ஹானுல்: கையை மேலே தூக்கினால் போதும். வானம். காஜிமா: நான் படியிறங்கும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். போகாதே. மியானே: இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள், எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மன்னித்துவிடு.

போகோஷிப்போ என்ற சொல்லுக்கு மட்டும் நடிப்பு வரவில்லை. கீழே எங்கள் வாசல் கேட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனக்குத் தெரிந்த துண்டுத் தமிழில், "பாக்கணும்" என்றாள்.

"யாரக்கா பாக்கணும்?"

"பாட்டுல" என்று சொல்லி கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.

மாமா எனக்குப் பரீட்சை வைத்தார். "ஏ பாப்பா, உப்புக்கு இன்னா சொல்லுவாங்க கொரியாவுல?"

"தெரியாது மாமா."

"தண்ணிக்கு?"

"தெரியாது."

"அப்ப இன்னாதான் தெரியும்?"

"கண்ணீர் தெரியும்."

"அடேங்கப்பா! அந்த ஊருக்குப் போனா பட்டினியா கெடந்து அழுதுக்கினே இருக்கலாம் நீ."

நான் அசரவில்லை. எதிர்வீட்டுப் பையனிடம் போய், எந்தக் காரணமும் இல்லாமல், கொரிய மொழியில் மன்னிப்புக் கேட்டேன். அவன் திரும்பச் சொல்லிப் பார்த்தான், நாக்கு புரளவில்லை. அன்றைக்கு என் நடையே மாறிவிட்டது.

அக்கா பதில் சொல்லாத கேள்வி ஒன்றே ஒன்று. உங்க அம்மா எங்கக்கா என்று கேட்டால் டேப்பின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். "வீட்ல சண்ட போட்டுக்கினு வந்துட்டுக்குதுடி. நீ நோண்டாத" என்றாள் அம்மா.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. மலை சுற்ற வரும் கூட்டத்துக்காக வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். மாமாவின் ஆட்டோவும் வீட்டு வாசலில் சும்மா நின்றது. மத்தியான வெயிலில் கேட்டைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தார். ஒரு கையில் சக்கரப் பெட்டி. மறு கையில், அவர் கழற்றிப் பிடித்திருந்த ஷூக்கள். அக்காவின் முகத்தை அப்படியே கொண்டுவந்து கொஞ்சம் வயதாக்கி வைத்ததுபோல இருந்தார்.

அவர் மலை சுற்ற வரவில்லை. மகள் இருக்கும் இடத்தை யாரோ சிநேகிதி சொல்லிவிட, தேடி வந்திருந்தார். வழியில் கூட்டம் அவரையும் கிரிவலக்காரர் என்று எண்ணி, செருப்போடு நடக்கக் கூடாதும்மா என்று காலைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறது. கழற்றாவிட்டால் இந்த ஊரில் மகளைப் பார்க்க விடமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்.

"ஐயோ, காலப் பாரு!" என்று அம்மா அவரை நாற்காலியில் உட்கார்த்தி, காலில் தண்ணீர் ஊற்றி, கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தடவ ஆரம்பித்தாள். மாடியிலிருந்து அக்கா பாதிப் படிவரை இறங்கி வந்து நின்றாள். அதற்குமேல் வரவில்லை. அவள் மலையைப் பார்த்தாள். அந்த அம்மாள் தரையைப் பார்த்தார். வெளியே ஊரே அரோகரா சொல்லிக்கொண்டு போனது. எங்கள் வாசலில் ஒரு சத்தமும் இல்லை.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "தாயும் மவளும் இப்பிடி வாய மூடிக்கினு இருந்தா எப்பிடி? ஏ, உனக்குத்தான் பாஷ தெரியுமே, சாப்ட்டாங்களான்னாவது கேளேன்."

"கேளு பாப்பா, ஒன்ன உட்டா யாரு கீறா?" என்றார் மாமா.

என் சொற்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன. சோறு இல்லை. பசி இல்லை. எரிகிறதா என்று கேட்க வழியில்லை. பாட்டில் இதயம் உண்டு, பாதம் இல்லை. ஆனாலும் நான் தயங்கவில்லை. என் கணக்கு சுத்தமாக இருந்தது: சண்டை தீராவிட்டால் இந்த அம்மாள் அக்காவை இழுத்துக்கொண்டு போய்விடுவார், தீர்ந்துவிட்டால் நிம்மதியாக ஊர் திரும்புவார், அக்கா எங்கள் மாடியிலேயே இருப்பாள். ஆகவே தீர்த்துவைக்க வேண்டியது.

அக்காவைக் கையால் காட்டி, அவள் தாயிடம் சொன்னேன்: "போகோஷிப்போ."

அந்த அம்மாள் நிமிர்ந்தார்.

தாயைக் காட்டி, படியில் நின்றவளிடம் என் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "மியானே."

அவர் என்னிடம் நீளமாக ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் புரியவில்லை. மிச்சமிருந்த நல்ல சொல்லை, கேசட்டில் இருந்த ராகத்தோடே இழுத்துப் பாடிவிட்டேன்: "காஜிமா."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா, இரண்டும்தான். அக்கா மீதிப் படிகளை இறங்கி வந்தாள். அம்மா கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தாயின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். அப்புறம் இரண்டு பேரும் பேசினார்கள். மாசக்கணக்கில் அடைத்துவைத்த குழாயைத் திறந்துவிட்டதுபோல, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள்.

"இன்னா பாப்பா சொன்ன?" என்று மாமா கிசுகிசுத்தார்.

"எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டேன் மாமா."

மறுநாள், சாலை திறந்ததும், மாடியிலிருந்து அக்காவின் பை இறங்கியது. டேப் இறங்கியது. கேசட் டப்பா இறங்கியது. நான் கேட்டுக்குக் குறுக்கே நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காஜிமா என்றேன். ராகம் வரவில்லை. அவள் குனிந்து, தன் காதைப் பிடிப்பதற்குப் பதிலாக என் காதுகளைப் பிடித்து ஆட்டிவிட்டு, ஆட்டோவில் ஏறிவிட்டாள். தாயின் காலில் அக்காவின் ரப்பர் செருப்பு.

எந்தச் சொல்லை எங்கே தவறாகப் போட்டேன் என்று வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுத் திரும்பிய மாமா, ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏ பாப்பா, ரெண்டு பேரும் கொரியாக்காரங்க. ரெண்டு பேருக்கும் அது சொந்த பாஷ. நடுவுல நீ எதுக்கு?"

"அவங்களுக்கு அந்த வார்த்தைங்க தெரியல மாமா. அதான் நான் சொன்னேன்."

மாமா இதற்கு உரக்கச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு, என் அம்மா உள்ளே பாத்திரம் கழுவும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.