அக்கா காணோம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் திருவண்ணாமலையில் நடந்தது இது. அப்போது என் தம்பிக்கு முப்பத்திரண்டு வயது. மனசுக்கு மட்டும் ஐந்து வயதுதான். அம்மா காலமான பிறகு என்னோடுதான் இருந்தான்.

ஞாயிறு தவறாமல் அவனுக்குக் கிரிவலம் போக வேண்டும். போகாவிட்டால் வீடு ரெண்டுபடும். ராஜகோபுரத்து வாசலில் ஆரம்பித்து அங்கேயே முடிக்கணும், மலை வலது கைப் பக்கமே இருக்கணும், எட்டு லிங்கத்திலும் விபூதி பூசிக்கணும், பாதியில் திரும்பக் கூடாது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அவன் பிடித்தால் உடும்புப் பிடி. ஒருமுறை மறந்து வைத்த குடைக்காக நான் நூறடி திரும்பியதற்கே நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். குடை போனது போனதுதான்.

எனக்கோ கால் ஓரிடத்தில் தரிக்காது. நடக்கும்போதே போன் பேசுவேன், பேசும்போதே அடுத்த வேலையை யோசிப்பேன். அன்று மூன்றாவது லிங்கமான எமலிங்கத்துக்குப் பக்கத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "நில்லுடா, இங்கியே நில்லு" என்று அவன் கையை விட்டுவிட்டு, சத்தம் இல்லாத இடமாக ஒரு சந்துக்குள் போனேன். இவனால் நிம்மதியாக ஒரு போன்கூடப் பேச முடியவில்லையே என்று சலித்துக்கொண்டேதான் போனேன். ஐந்து நிமிடம்தான் இருக்கும். வந்து பார்த்தால் ஆள் இல்லை.

நீலச் சட்டைக்காரர் ஒருவர் டவுன் பக்கம் போனதாக இளநீர்க் கடைக்காரர் சொன்னார். அவ்வளவுதான், வந்த வழியே ஓடினேன். ஆட்டோ பிடித்தேன். கோயில் வாசல், பஸ் ஸ்டாண்ட், வீடு, மறுபடி கோயில் வாசல். அவனுக்கு எங்கள் தெருப் பேர்கூடச் சொல்லத் தெரியாது. செங்கம் ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தேன். நான் சலித்துக்கொண்டதே பலித்துவிட்டதோ என்று பயந்தேன். இரண்டரை மணி நேரம் இப்படியே போனது.

"இன்னாம்மா, வண்டிய மறுபடியும் திருப்பிக்கட்டுமா?" என்று ஆட்டோக்காரர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. என் தம்பி திரும்ப மாட்டானே! செத்தாலும் வந்த வழியே போக மாட்டானே! அந்த நீலச் சட்டை வேறு யாரோ.

எமலிங்கத்திலிருந்து கிரிவலப் பாதையிலேயே முன்னோக்கி ஆட்டோவை விடச் சொன்னேன். அடுத்து வந்த நிருதி லிங்கத்தில் பூக்கார அம்மாவிடம் அடையாளம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்த அக்கா? 'அக்கா காணோம், அக்கா காணோம்'னு எல்லாரையும் கேட்டுக்கினே போச்சும்மா அந்தப் புள்ள. உக்காருப்பான்னேன், உக்கார மாட்டேன்னுட்டுது."

அவனைப் பொறுத்தவரை தொலைந்தவள் நான்.

கடைசியான ஈசான்ய லிங்கத்தில்தான் அவனைப் பிடித்தேன். நெற்றியில் அப்பியிருந்த விபூதி வியர்வையில் மூக்குவரை வழிந்திருந்தது. ஒரு லிங்கத்தைக்கூட விடவில்லை, மகராசன். என்னைப் பார்த்ததும் சிரிப்பான் என்று நினைத்தேன். வந்த வேகத்தில் என் கையில் பளாரென்று ஓர் அடி போட்டான்.

"எங்க போன? நில்லுன்னா நிக்க மாட்டியா?"

அது நான் அவனைத் திட்டுகிற அதே வார்த்தை. அழுதுகொண்டே "தப்புடா, தப்பு" என்றேன். ஆட்டோவில் ஏறினானா என்றால், அதுவும் இல்லை. என் கையை இறுகப் பிடித்து, ராஜகோபுரம் வரை நடத்தியே கூட்டிப் போனான்.

போன மார்கழியில் இதயக் கோளாறு அவனைக் கொண்டுபோய்விட்டது. ஞாயிறு காலையானால் கால் பரபரக்கிறது, தனியாகவே சுற்றுகிறேன். முடித்ததும் போனை அணைத்துவிட்டு ராஜகோபுரத்து வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன். அன்று நான் எங்கும் ஓடாமல் இதே இடத்தில் நின்றிருந்தால்கூட, மலையைச் சுற்றிக்கொண்டு அவனே என்னிடம் வந்து சேர்ந்திருப்பான். இப்போது நிற்கக் கற்றுக்கொண்டேன், சுற்றி வரத்தான் அவன் இல்லை.